பச்சைப் பொடியும் நெஞ்சுக்குள் ஒரு சத்தமும்

என் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் உண்டு. கதைகளில் படபடப்பு என்று எழுதுவார்களே, அது இல்லை. பக்கத்தில் உட்காருகிறவர் காதில் விழுகிற நிஜச் சத்தம். டிக், டிக் என்று. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் என் இருதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. வால்வு என்பது ஒரு கதவு. இரத்தத்தை முன்னால் விடும், பின்னால் திரும்ப விடாது. என் கதவு இறுகிப்போய் இரண்டும் செய்யாமல் ஆனபோது, கோயம்புத்தூரில் நெஞ்சைத் திறந்து செயற்கைக் கதவு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அதன் இரண்டு சின்ன இதழ்கள் திறந்து மூடும் சத்தம்தான் அது.

எல்லை தாண்டி மலையாள நாட்டுக்குள், வடகரப்பதிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். நோட்டுத் திருத்தும்போது பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள். அப்போது ஒருத்தி கேட்டாள், "டீச்சர், உங்க கடியாரம் எங்கீங்க டீச்சர் இருக்குது? கையில காணோம்." முழுங்கிவிட்டேன் என்றேன். அந்த வருஷம் முழுக்க இரண்டாம் வகுப்பு அதை நம்பியது.

என் வீட்டுக்காரர் கந்தசாமி வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர். அந்தச் சத்தத்தோடு முதலில் பழகிக்கொண்டவர் அவர்தான். "அது கேக்கலீன்னா எனக்குக் கண்ணு அசர்றதில்லீங்க" என்று வீட்டுக்கு வரும் ஒறம்பரை சொந்தங்களிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குவார்.

செயற்கைக் கதவில் ஒரு தொல்லை. அது நம் உடம்பின் பொருள் இல்லை என்று இரத்தத்துக்குத் தெரியும். அதன்மேல் உறைந்து கட்டியாகப் பார்க்கும். அப்படி ஆகாமலிருக்க, இரத்தம் சட்டென்று உறையாதபடி செய்யும் மாத்திரை ஒன்றை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். மாத்திரை அதிகமானால் ஈறில் வடியும், மூளைக்குள்கூட வடியலாம். குறைந்தால் கதவில் கட்டும். அதனால் மாதம் ஒருமுறை பக்கத்திலிருக்கும் சித்தூருக்குப் போய் இரத்தம் கொடுத்து, அது உறைய எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் ஒரு எண்ணைப் பார்ப்போம். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் அது சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது.

பிறகு என் தங்கை சரசு ஒரு டப்பாவோடு வந்தாள்.

சரசு எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர் ஜில்லாவில் வாழ்க்கைப்பட்டவள். யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். பொடி வாங்கிச் சாப்பிட்டு முழங்கால் வலி விட்டதாம். அதோடு அவளே விற்கவும் ஆரம்பித்துவிட்டாள். டப்பாவில் கோதுமைப்புல், முருங்கை இலை, கடல்பாசி என்று எழுதி, ஒரு சிவப்பு இருதயத்தைப் பச்சை இலை ஒன்று அணைத்துக்கொண்டிருக்கும் படமும் போட்டிருந்தது. நூறு சதவீதம் இயற்கை, பக்க விளைவு அற்றது. இப்போது அந்த வரியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எருக்கம்பாலும் நூறு சதவீதம் இயற்கைதான்.

"நீ வெளுத்துப் போய்க் கெடக்கறக்கா. ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்கற. இது மருந்தில்ல, சாப்பாடு. கீரையக் காயப்போட்டு அரைச்ச மாதிரி. ஒடம்புக்கு என்ன பண்ணிரும்?" என்றாள் சரசு.

அவள் என்னிடம் விற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் விற்றவள் எனக்கு மட்டும் சும்மாதான் கொடுத்தாள். முதல்நாள் அவளே மோரில் கலக்கி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். நானும் களைத்துத்தான் இருந்தேன். மதியத்துக்குமேல் வகுப்பில் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பொடி குடித்த முதல் வாரங்களில் தெம்பு வந்த மாதிரி இருந்தது. பொடியின் தெம்போ தங்கையின் தெம்போ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதம் சித்தூரில் எண் இறங்கிவிட்டது. அங்கிருந்த மலையாள டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், நல்லவர். "டீச்சரே, இது நல்லோணம் குறைஞ்சிருக்கல்லோ. இலக்கறி அதிகம் கழிச்சோ?" என்று கேட்டார். இலக்கறி என்றால் கீரை, கழிப்பது என்றால் சாப்பிடுவது. கீரை சாப்பிடவில்லை என்றேன். அது உண்மை. "வேறெ மருந்து எதெங்கிலும்?" என்றார். இல்லை என்றேன். அதுவும் உண்மை என்றுதான் அப்போது நினைத்தேன், மருந்தில்லை சாப்பாடு என்று சரசு சொல்லியிருந்தாளே. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார்.

மாத்திரையைக் கூட்டுவதென்றால் எனக்கு உள்ளூரப் பயம். ஆபரேஷன் ஆன புதிதில் ஒருமுறை கூட்டியபோது பல் தேய்க்கும்போதெல்லாம் வாய் சிவந்தது, தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. இனி கூட்டிவிடக் கூடாதே என்று வீட்டில் புலம்பினேன். அப்போதுதான் வீட்டுக்காரர் தன் தொழில் மூளையை எனக்காக எடுத்துக் கொடுத்தார்.

சந்தைக்கு மாட்டைக் கொண்டுபோகிறவர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு, மடி விடுவது என்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் பால் கறக்க மாட்டார்கள். மறுநாள் காலை மடி புடைத்துக்கொண்டு நிற்கும். கறவை பலம் என்று வாங்குகிறவன் நினைத்துக்கொள்வான். குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி நிறுத்தினால் நோஞ்சான் மாடும் லட்சணமாகிவிடும். என் வீட்டுக்காரர் இந்தத் தில்லுமுல்லை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவர் என்று சந்தையில் பெயர். அவரே விற்றுக் கொடுக்க வேண்டிய மாடு சுமாராக இருந்தால், "இன்னும் நாலு ஈத்துத் தாங்குமுங்க" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மெதுவாகி, குழைந்து, வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அந்தக் குரல் எனக்கு மனப்பாடம்.

"டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கறப்பவே பொடிய நிறுத்திப்போடு புள்ள," என்றார். "நம்பர் சரியா வந்துரும். குடுத்துட்டு வந்து மறுக்காக் குடி. சரசுக்கும் மனசு நோவாது, டாக்டரம்மாளும் மாத்திரையக் கூட்ட மாட்டாங்க."

அப்படியே செய்தோம். நம்பர் சரியாக வந்தது. டாக்டரம்மா சிரித்தார், நாங்களும் சிரித்தோம். திரும்பும் வழியில் வீட்டுக்காரர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமும் அதையே செய்தோம், அதற்கடுத்த மாதமும். பரீட்சைக்கு மட்டும் படிக்கும் பிள்ளைகளை நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் என் இரத்தம் ஒழுங்காக இருந்தது. மிச்ச நாளெல்லாம் அந்தக் கதவின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்று வீடே அமைதியாக இருந்தது. அவர் காப்பி டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், குடிக்காமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க?" என்றேன்.

"சத்தம் மாறிக் கெடக்குது," என்றார். "டிக்குனு கேக்கல. துணியச் சுத்தி வெச்ச மாதிரி மந்தமாக் கேக்குது."

அதற்கு முந்தின சில நாட்களாகவே மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை இரண்டை மூன்றாக்கியிருந்தேன். சளி என்று நினைத்திருந்தேன். சளி இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வண்டி பிடிக்க ஓடினார்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது சந்தை கூடியிருந்தது. வண்டி ஊர்ந்துதான் போனது. ஜன்னலுக்கு வெளியே குளிப்பாட்டி எண்ணெய் தடவிய மாடுகள் வரிசையாக நின்றன. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் முதலில் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை வைத்து, உள்ளே ஓடும் இரத்தத்தைத் திரையில் பார்ப்பது. பிறகு எக்ஸ்ரே மாதிரியான இன்னொன்று. அதில் கதவு அசைவதையே படமாகப் பார்க்கலாம். டாக்டர் என் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு இதழ்களில் ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொன்று நின்ற இடத்தில் நின்றது.

டாக்டருக்கு நடுத்தர வயது, கோயம்புத்தூர்க்காரர். சித்தூர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லா மாசமும் அளவு சரியா இருக்கு. மாத்திரை விட்டீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிம்மா இவ்வளவு பெரிய கட்டி வரும்?"

எனக்கு மூச்சு வாங்கியது, பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் அப்படித்தான் சுற்றுவார்கள்.

"மடி விட்டு நிறுத்துனமுங்க," என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் மாட்டைப் பற்றியும் மடியைப் பற்றியும் பொடியைப் பற்றியும் தலை குனிந்தபடியே முழுதாகச் சொன்னார். நர்ஸ்கூட ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கட்டியைக் கரைக்கும் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். கரையும்போது ஒரு துணுக்குப் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தண்ணீர் கேட்டு இடது கையை நீட்டினேன். நீட்டினேன் என்று நினைத்தேன். கை போர்வைமேல் அப்படியே கிடந்தது. அது யாருடைய கையோ என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு அந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நினைவில் நிற்பவை சின்னச் சின்ன விஷயங்கள். சமையல்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், எங்கேயோ கேட்டு அலைந்து அரிசியும் பருப்பும் சாதம் வாங்கி வந்து, உப்பு கம்மியா என்று தானே வாயில் போட்டுப் பார்த்துவிட்டு ஊட்டினார். பள்ளியிலிருந்து வந்த சக டீச்சர் என் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போனாள். பக்கத்துக் கட்டில் அம்மாள், தனக்கு வந்த ஆப்பத்தில் பாதியைப் பிட்டு நான் வேண்டாமென்றாலும் என் தட்டில் வைத்துவிடுவார். பில்லை மட்டும் வீட்டுக்காரர் என் கண்ணில் காட்டவே இல்லை. தொழுவத்தில் இருந்த இரண்டு கறவையும் விலைபோய்விட்டன என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

காத்திருக்கும் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வைத்தியர்கள் என்று அவர் வந்து சொல்வார். ஒருவர் பூண்டு மாத்திரை என்கிறாராம், ஒருவர் மீன் எண்ணெய் என்கிறாராம், இன்னொருவர் மருதம்பட்டையைக் கொதிக்க வைக்கச் சொல்கிறாராம். எல்லாரும் உள்ளே இருதய நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அதையெல்லாம் கேட்டேன். தெரிந்து இனி என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தோன்றியது, ஆனாலும் கேட்டேன். அவர் நின்று சொன்னார்.

"உங்க மாத்திரை வேலை செய்யறதே உடம்புல இருக்கற வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். பச்சை இலையில அது நிறைய. நீங்க ஒரு கையால தடுத்து, இன்னொரு கையால ஊத்தியிருக்கீங்க. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எல்லாம் எதிர்ப்பக்கம், உங்களுக்கு ரத்தக்கசிவைக் கூட்டலாம். இருதயம் பலவீனமாகி அதுக்கு மாத்திரை சாப்பிடறவங்க சிலர், பொட்டாசியம் அதிகமுள்ள பொடியைச் சாப்பிட்டா துடிப்பே தாறுமாறாப் போகும். தெம்புக்குன்னு விக்கற சில பொடி படபடப்பைக் கிளப்பிவிடும். எல்லாமே எல்லாருக்கும் விஷம்னு நான் சொல்லல. சாப்பிடற மாத்திரையோட அது என்ன சண்டை போடும்னு கேக்காமத் தொடக் கூடாது."

கொஞ்சம் நிறுத்தி, சொல்வதா வேண்டாமா என்று யோசித்த மாதிரி, "பொடியைக்கூட விடுங்க. தினமும் ஒரே அளவு குடிச்சு, அதை எங்ககிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா, அதுக்குத் தக்கபடி மாத்திரையை வச்சிருப்போம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமலே போயிருக்கலாம். கட்டியைவிட அதுதான் என் நெஞ்சில் இன்னும் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

மறுபடி ஆபரேஷன் செய்து கதவை மாற்ற முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். இருதயத் தசை தளர்ந்துவிட்டது, மூளையில் அடி பட்டிருக்கிறது, இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்தால் மேசையிலேயே போகலாம் என்றார்கள். ஒரு இதழ் பாதி அசைகிறது, அதோடு இருக்கும்வரை இருக்கலாம். எவ்வளவு நாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன்னால் சரசு வந்தாள். பஸ் ஏறி, வேர்த்து விறுவிறுத்து வந்தவள் என் இடது கையை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பைக்குள்ளிருந்து புது டப்பா ஒன்றை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள். "இது நரம்புக்குன்னே வந்திருக்குதுக்கா. கை நல்லாயிரும்."

அவள் மனசில் துளி கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் கை நின்றது. "அப்ப நான் உனக்கு வெஷத்தக் குடுத்தேங்கறயாக்கா?"

"நீ பொடியத்தான் குடுத்த. மறைச்சு மறைச்சுக் குடிச்சது நாங்க."

ரொம்ப நேரம் அழுதாள். அழுகை ஓய்ந்ததும், இருதயக்காரர் வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். அவள் ஊரில் ஸ்டென்ட் வைத்த பெரியவர் ஒருவர் வாங்குகிறாராம். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல். "அவருகிட்டப் போய்ச் சொல்லு. டாக்டரக் கேட்டுட்டுக் குடிக்கச் சொல்லு" என்றேன். டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

சொன்னாளாம். பெரியவர் சிரித்துவிட்டு, "உங்கக்கா ஒடம்பு வேற, எம்பட ஒடம்பு வேற" என்றாராம். சரசு விற்பதை நிறுத்திவிட்டாள். அவர் இப்போது வேறொருவரிடம் வாங்குகிறார்.

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கை எழுதுகிறது, காகிதம் நகராமலிருக்க இடது கையைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். அதற்குத்தான் அது உபயோகம். பள்ளிக்கு இனிப் போக முடியாது. சித்தூர் டாக்டரம்மா விஷயம் கேள்விப்பட்டு, இப்போது எல்லாரிடமும் "மருந்து" என்று கேட்காமல் "பொடி, கஷாயம், டப்பா ஏதாவது?" என்று கேட்கிறாராம். எனக்கு அது தாமதம். வேறு யாருக்காவது உதவினால் உதவட்டும் என்று சொல்லத்தான் வேண்டும். சொல்கிறேன், ஆனால் மனசு ஆறவில்லை.

காலையில் கண் விழித்ததும் அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு என் முதுகில் காதை வைப்பார். எனக்கே இப்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்பதில்லை. இன்றைக்கும் வைத்தார். வழக்கத்தைவிட நேரமெடுத்தது.

"கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குது புள்ள. பழைய மாதிரியே கணீர்னு கேக்குது," என்றார். குரல் மெதுவாகி, குழைந்து, வெண்ணெய் மாதிரி வந்தது.

"சரிங்க" என்றேன்.